கொடி, சின்னம், போஸ்டர்: ஒரு சிறு அமைப்புக்கு முதலிலிருந்து செய்து கொடுப்பது எப்படி

சங்கமோ, புதுக் கட்சியோ, சுயேச்சை வேட்பாளரோ, யாருக்காவது கொடியும் சின்னமும் போஸ்டரும் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு கிராமத்தில் சுவர் விளம்பரம் எழுதுபவர் உதயசூரியன் வரையும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு மலை, நடுவில் அரை வட்டம், மேலே கதிர்கள், முடிந்தது. இரட்டை இலையும் அப்படித்தான், இரண்டு வளைவு, ஒரு காம்பு. கையில் மாதிரிப் படம் கிடையாது, அளவுகோல் கிடையாது. மழையில் பாதி கரைந்துபோன பிறகும் அது எந்தச் சின்னம் என்று பேருந்தில் போகிறவருக்குத் தெரிகிறது.

இந்தத் தொழிலில் பல வருடம் இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: நாம் செய்யும் டிசைன் நம் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு இல்லை. தையல்காரர் எதைத் தைக்கிறாரோ, சுவரில் எழுதுபவர் எதை வரைகிறாரோ, கண் மங்கிய ஒரு பாட்டி எதை மனதில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குள் போகிறாரோ, அதுதான் டிசைன். கீழே சொல்வது எல்லாமே அந்த மூன்று பேரை நினைத்துச் சொல்வது.

உதாரணத்துக்கு நானே செய்த ஒரு வேலையைக் கூடவே கொண்டுவருகிறேன். மதுரைப் பக்கம் ஒரு கண்மாயைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த பாசன விவசாயிகள் சங்கம். கொடி வேண்டும், சின்னம் வேண்டும், போஸ்டர் வேண்டும் என்று வந்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் நின்றார்.

முதலில், ஒரே ஒரு பொருள்

முதல் கூட்டத்தில் எல்லாரும் ஒரு பட்டியலோடு வருவார்கள். அந்தச் சங்கத்தில் கேட்டது நெற்கதிர், மீன், ஏர், மாடு, சூரியன், கைகுலுக்கல், மேலே வட்டமாக சங்கத்தின் முழுப் பெயர், கீழே தொடங்கிய ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும், அதனால் யாரையும் மறுத்துப் பேசவும் முடியாது. ஆனால் எல்லாவற்றையும் போட்டால் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி ஒரு வட்டம்தான் மிஞ்சும். பத்தடி தள்ளி நின்றால் அதில் ஒன்றும் தெரியாது.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். ஒருவருக்கு ஒன்று. போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய சூடிய பூவும் அப்படித்தான், பனம்பூ, ஆத்தி, வேம்பு. பிற்காலச் சோழர் செப்பேடுகளின் முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்து வருவது வேறு கதை, அது மற்ற இருவரையும் வென்றதைச் சொல்லும் முத்திரை. அதைக் கையில் வைத்துப் பார்க்கலாம், கொடியில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

சரி, அந்த ஒரு பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்கள் ஊரில் இருந்து, வேறு எங்கும் பார்க்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்." அன்று ஒரு பெரியவர், மடை திறக்கிற குடும்பத்துக்காரர், "அந்தக் குமிழித் தூம்பை விட்டால் வேற என்னப்பா இருக்கு" என்றார். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் தண்ணீருக்குள் நிற்குமே, இரண்டு கல்தூண், குறுக்கே கல் சட்டங்கள். அதன் அடியில்தான் கண்மாய் நீர் வெளியேறும் துளை, முங்கிப் போய்த்தான் திறக்க வேண்டும். இரண்டு நிமிர்ந்த கோடு, இரண்டு படுத்த கோடு, கீழே ஓர் அலை. குழந்தைகூட வரையும். நெல்லும் மீனும் மாடும் அந்தத் தூம்பு திறந்தால்தான் என்று சொன்னதும் பட்டியல் கொண்டுவந்தவர்களுக்கும் மனக்குறை இல்லாமல் போனது.

கறுப்பு மையில், விரல் நகம் அளவில்

நிறம் எல்லாம் அப்புறம். முதலில் வெறும் கறுப்பில் வரையுங்கள். காரணம் எளிமையானது, வாக்குச் சீட்டிலும் வாக்கு இயந்திரத்திலும் சின்னம் கறுப்பில்தான் வருகிறது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1951-52ல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லாத காலம் அது. காங்கிரஸின் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, பிறகு பசுவும் கன்றும், பிறகு கை, எல்லாமே பெயரைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் அடையாளம் காட்ட வந்தவை.

வரைந்ததை மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி சாதாரண ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து, அந்த நகலை மறுபடி நகல் எடுங்கள். மெல்லிய கோடுகள் காணாமல் போகும், நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொள்ளும். எது போனதோ அது தேவையில்லாதது. இரண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், அல்லது கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: படத்தை ஒருவரிடம் பத்து விநாடி காட்டி, எடுத்து வைத்துவிட்டு, கால் மணி நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு, காகிதமும் பேனாவும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். டிசைனரிடம் காட்டாதீர்கள். டீக்கடைக்காரரிடம், பள்ளிக்கூடப் பிள்ளையிடம், உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் சரியாக வரைந்தால் நீங்கள் பாஸ். எங்கள் தூம்பில் நான் முதலில் கல்லின் சொரசொரப்பைக் காட்டச் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருந்தேன். ஒருவரும் அதை வரையவில்லை, எடுத்துவிட்டேன்.

கனடாவின் கொடியில் இருக்கும் மேப்பிள் இலையும் இப்படிக் குறைக்கப்பட்டதுதான். இயற்கையான இலைக்கு இன்னும் நிறைய முனைகள் உண்டு. முதலில் 13 முனையோடு வரைந்திருந்தார்கள். காற்றில் ஆடும்போது முனைகள் பெருகித் தெரிந்து உருவம் குழம்பியதால் 11 முனையாக்கி, 1965 பிப்ரவரி 15 அன்று ஏற்றினார்கள். உண்மையான இலையில் அந்தக் கணக்கைத் தேடினால் கிடைக்காது, ஆனால் இலை என்று எல்லாருக்கும் தெரிகிறது.

நிறம்: அழகைப் பார்ப்பதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் நிறம் எதுவும் சும்மா இல்லை. கறுப்பு சிவப்பு, நீலம், காவி, பச்சை, மஞ்சள் என்று எதை எடுத்தாலும் ஒரு கட்சியோ ஒரு சாதி அமைப்போ அதை வைத்திருக்கும். தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம்வரை அர்த்தம் பேசும், அதில் அடிதடியும் நடக்கும். அதனால் உங்கள் கொடி ஏறப் போகும் ஊரில், சுற்றி இருக்கும் பத்து ஊர்களில், எந்த நிறக் கலவை யாருடையது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கம்ப்யூட்டரில் நிறம் தேர்ந்தெடுப்பது ஆபத்து. தெரியாமல் வைத்த நிறத்துக்காக ஒரு கிளைச் செயலாளர் வீட்டு வாசலில் போய்ப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சில நேரம் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நிற்பதும் உண்டு. 1949ல் தொடங்கிய திமுகவின் கொடி மேலே கறுப்பு, கீழே சிவப்பு. 1972ல் பிரிந்த அதிமுக அதே கறுப்பு சிவப்பை வைத்துக்கொண்டு நடுவில் வெள்ளையில் அண்ணாவின் உருவத்தைச் சேர்த்தது. வேர் அதுதான், ஆனால் நாங்கள் வேறு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. எங்கள் சங்கத்துக்கு நாங்கள் எடுத்தது கரும்பச்சை, அதில் வெள்ளைத் தூம்பு. விவசாயிகள் தோளில் போடும் பச்சைத் துண்டோடு அது ஒட்டிப் போகும் என்பதுதான் காரணம்.

தொழில்நுட்பமாக இரண்டு விஷயம். நாற்சந்தியில் மூன்று மாதம் வெயில் பட்ட பழைய போஸ்டரைப் பாருங்கள், முழுக்க நீலம் பாய்ந்திருக்கும். மஞ்சள் மையும் மெஜந்தா மையும் வெயிலில் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். ஆகவே போஸ்டரின் முக்கியமான செய்தி மஞ்சளிலோ இளஞ்சிவப்பிலோ மட்டும் இருக்கக் கூடாது. இரண்டாவது, அந்தி நேரத்தில் நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுத்துப் போகும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து திரையில் கம்பீரமாக இருக்கும், மாலை ஆறரை மணிக்குத் தெருவில் வெறும் கறுப்புத் தாளாகத்தான் தெரியும்.

கொடி: துணி அசையும், இரண்டு பக்கமும் தெரியும்

கொடியைத் திரையில் தட்டையாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசைனைக் காகிதத்தில் எடுத்து, கசக்கி, பாதி விரித்துப் பிடித்துப் பாருங்கள். கொடி பெரும்பாலான நேரம் அப்படித்தான் தொங்குகிறது. அப்போதும் நிறப் பட்டைகள் மட்டுமாவது தெரிய வேண்டும். 2024 ஆகஸ்டில் அறிமுகமான தவெக கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு யானை, வாகைப்பூ, சுற்றி நட்சத்திரங்கள் என்று நுணுக்கம் அதிகம், சுவரில் எழுதுபவருக்கு அது கஷ்டமான வேலை. ஆனால் மேலும் கீழும் அடர் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்ற பட்டை இருக்கிறதே, அது தூரத்திலும் வேலை செய்கிறது. படம் தெரியாத தூரத்தில் பட்டைதான் கொடி.

கொடிக்குப் பின்பக்கமும் உண்டு என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒற்றைத் துணியில் அடித்தால் பின்னால் எல்லாம் இடவலமாகத் திரும்பித் தெரியும், எழுத்து கண்ணாடியில் படிப்பது போல ஆகிவிடும். 1947ல் தேசியக் கொடியில் ராட்டைக்குப் பதில் சக்கரம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேரு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதை விளக்கியிருக்கிறார். 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்துக்கு இடது வலது கிடையாது. எங்கள் தூம்பும் அப்படியே இருபுறமும் ஒன்று, அதில் எனக்கு நல்ல வசதி.

அளவு நீளம் 3, அகலம் 2 என்று வைத்தால் தையல்காரருக்கும் துணிக்கும் சரியாக வரும். சின்னத்தை நட்ட நடுவில் வைக்கலாம், கம்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காற்றில் முதலில் கிழிந்து போவது எதிர்ப்பக்க ஓரம்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒரு கூலி. நிறத் துணியில் வெள்ளை மட்டும் அடித்தால் ஒரே ஸ்கிரீனில் முடியும். நூறு கொடி அடிக்கும் சங்கத்துக்கு அந்த வித்தியாசம் பெரியது. எழுத்து வேண்டாம். பெயர் எழுதினால்தான் தெரியும் என்றால் அந்தக் கொடி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

எழுத்து: தமிழுக்குத் தனிக் கவனம்

பெயர்ப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். தமிழுக்கு நான் அதை ஒன்றரை பங்காக்கிக்கொள்வேன். ண, ன, ணை, னை எல்லாம் சுழிகளால் வேறுபடுபவை, மெய்யெழுத்தின் புள்ளி தூரத்தில் முதலில் மறையும். 30 அடி தூரத்தில் படிக்க வேண்டுமென்றால் சுமார் நாலரை அங்குலம். 20க்கு 30 அங்குலப் போஸ்டரில் அந்த உயரத்தில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று போட்டுப் பாருங்கள், ஒரு வரிக்கு நான்கோ ஐந்தோதான். அதாவது வேட்பாளர் பெயர் மட்டும்தான் தூரத்துக்கு, மற்றதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பவருக்கு. புள்ளியை எழுத்தின் தடிமனுக்குக் குறையாமல் பெரிதாக வையுங்கள், எழுத்தோடு ஒட்டவிடாதீர்கள். நீளமான சொல்லை இடம் போதவில்லை என்று இரண்டாக உடைத்து அடுத்த வரியில் போடவே கூடாது. எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கவும் கூடாது. சொல்லை மாற்றுங்கள். "வாக்களித்து வெற்றிபெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்பதற்கு இடமில்லையா, சின்னத்தை வரைந்து பக்கத்தில் பெயரைப் போடுங்கள், யாருக்கும் புரியும்.

எழுத்தையே சின்னமாக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்கம். 1980ல் யெர்ஸி யானிஷெவ்ஸ்கி வரைந்தது. சிவப்புத் தூரிகையில் எழுதிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, கூட்டத்தில் தோளோடு தோள் நிற்கும் மனிதர்கள் மாதிரி இருக்கும். ஒரு எழுத்து மட்டும் கொடியைத் தூக்கியிருக்கும். சுவரில் யார் வேண்டுமானாலும் தூரிகையால் எழுதிவிட முடியும், அழகாக இல்லாவிட்டாலும் அதுதான் என்று தெரியும்.

இன்னொன்று, இது எனக்கு நேர்ந்தது. ஒருமுறை யூனிகோடு எழுத்தில் செய்த கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த பழைய மென்பொருளில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டன. யாரும் பார்க்காமல் 2000 போஸ்டர் அடித்து முடித்துவிட்டார்கள். அந்தப் பணம் ஏழை விவசாயிகள் வீட்டுக்கு வீடு வசூலித்தது. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. எந்த எழுத்துருவில் செய்தாலும், பாமினியோ யூனிகோடோ, அனுப்புவதற்கு முன் எல்லா எழுத்தையும் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் வந்தால் அதில்தான் செய்ய முடியும். அச்சகத்திலிருந்து வரும் புரூஃபை நீங்கள் மட்டும் பார்க்காதீர்கள், அந்த டிசைனை இதுவரை பார்க்காத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையும் பெயர்ப்பிழையும் அப்போதுதான் பிடிபடும்.

போஸ்டர்: முகங்களின் பிரச்சினை

நம்மூர் அரசியல் போஸ்டரில் டிசைனரை நிஜமாகவே திணறடிப்பது படங்களின் வரிசை. மேலே தலைவர்கள், பக்கத்தில் மாவட்டம், கீழே ஒன்றியம், கிளை, வாழ்த்துவோர் பட்டியல். யார் படம் யாரைவிடப் பெரிது என்பதில் மனஸ்தாபம் வந்து அமைப்பே பிளந்ததுண்டு. இதை அழகு பற்றிய பேச்சாக நினைத்து வாதாடாதீர்கள், அவர்களுக்கு அது மரியாதை பற்றிய பேச்சு. வேலை ஆரம்பிக்கும் முன்பே பொறுப்பாளரிடம் பெயர் வரிசையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் எல்லாப் படங்களையும் ஒரே அளவில் மேலே ஒரு பட்டையாக வையுங்கள். போஸ்டர் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பட்டை போகக் கூடாது. மீதி இடம் ஒரு முகம், ஒரு சின்னம், ஒரு வரி.

அந்த ஒரு வரி என்ன என்பதற்கு ஒரு சோதனை உண்டு. எதிராளியும் அதே வரியைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். "மக்கள் பணியில் என்றும் உங்களுடன்" என்றால் யார் வேண்டுமானாலும் போடலாம். எங்கள் வேட்பாளருக்குப் போட்டது "இந்த வருஷம் தூம்பு திறக்கும்". அந்த ஊரில் அதைப் போட அவர்களுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது.

புகைப்படத்தில் கண் வாசிப்பவரைப் பார்க்க வேண்டும். முகத்தை மென்பொருளில் வெளுக்காதீர்கள், தயவுசெய்து. ஊரில் அவரைத் தினமும் பார்ப்பவர்கள்தான் ஓட்டுப் போடப் போகிறார்கள், போஸ்டரில் வேறு ஆள் இருந்தால் அது பொய்யாகத் தெரியும். ஆஃப்செட் அச்சுக்குப் படம் முழு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், ஃபிளெக்ஸ் தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் 100 போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை எதற்கும் எடுக்காதீர்கள், நேரில் போய் வேப்பமர நிழலில் நிற்கவைத்து எடுங்கள்.

தேர்தல் என்று வந்தால்

உங்கள் அமைப்பின் சின்னம் வேறு, தேர்தல் சின்னம் வேறு. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத்தான் ஒதுக்கப்பட்ட சின்னம். மற்றவர்களுக்குச் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து ஒன்று கிடைக்கும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதே இல்லை, எல்லாருக்கும் பட்டியல் சின்னம்தான். நேரமும் கிடையாது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் டிசம்பர் 19 வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள், 27 முதல் கட்ட வாக்குப்பதிவு. இடையில் எட்டு நாள். ஆகவே போஸ்டரை முன்பே செய்து, சின்னத்துக்கு ஒரு காலி சதுரம் விட்டு வையுங்கள். பட்டியலில் நீங்கள் கேட்கப் போகும் சின்னங்களை முன்கூட்டியே வரைந்தும் வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கிடைத்தது பூட்டு சாவி. வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள், உங்கள் கற்பனைப் பூட்டை வரையக் கூடாது. வாக்குச் சீட்டில் எப்படி இருக்குமோ அதே பக்கம் பார்த்து, அதே வடிவில் வரைய வேண்டும். வாக்காளர் உள்ளே போய்த் தேடுவது போஸ்டரில் பார்த்த உருவத்தை. ஊரக உள்ளாட்சியில் ஒரே ஆள் நான்கு பதவிக்கு நான்கு ஓட்டுப் போடுகிறார், குழப்பத்துக்குக் குறைவில்லை. சின்னம் மட்டுமே ஒருவரைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு, பட்டியலில் சும்மா கிடந்த குக்கர் 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் சில வாரங்களில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததே, அது போதும்.

சுவரில் வரைய ஸ்டென்சில் வெட்டிக் கொடுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கு அருமையானது, நனையாது, கிழியாது. உள்ளே தனியாக நிற்கும் பகுதிகளுக்கு (சாவித் துளை மாதிரி) ஒரு இணைப்புப் பட்டை விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வெட்டியதும் விழுந்துவிடும்.

சட்டத்தில் மாட்டாமல்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, தேர்தல் போஸ்டரிலும் நோட்டீஸிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழியும் தர வேண்டும். மீறினால் 6 மாதம்வரை சிறை, 2000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கீழே அரை அங்குலம் இதற்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள், கடைசியில் சொருகினால் டிசைன் கெடும். அசோகச் சின்னத்தை எடுத்து லெட்டர்பேடிலோ போஸ்டரிலோ போடக் கூடாது, தேசியக் கொடியின் மேல் எழுதக் கூடாது. தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நகரங்களில் சுவர் எழுதுவதையே மறந்துவிடுங்கள்.

ஃபிளெக்ஸ் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். அந்தப் பேனரையும் யாரோ ஒருவர் டிசைன் செய்திருப்பார். அனுமதி இல்லாத இடத்துக்கு, சாலை நடுவில் கட்டுவதற்கு என்று தெரிந்தால் நான் கோப்பைத் தருவதில்லை. நீங்களும் தராதீர்கள், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டியவை: கறுப்பில் மட்டும் வரைந்த சின்னம், நிறத்தோடு கொடி, தையல்காரருக்கு அளவு எழுதிய ஒரு தாள், ஸ்டென்சில் இரண்டு. இவற்றைச் சங்கத்துப் பொறுப்பாளர் கையில் கொடுத்து, அவருக்கு முன்னாலேயே சுவரில் ஒரு தடவை அடித்துக் காட்டிவிடுங்கள். அந்தக் கண்மாய்க் கரையில் இப்போது பம்புசெட் அறைச் சுவர் ஒன்றில் தூம்பு வரைந்திருக்கிறது. ஸ்டென்சில் வைத்து அடித்தது இல்லை, யாரோ கையாலேயே சுண்ணாம்பில் வரைந்தது. தூண் இரண்டும் கொஞ்சம் கோணல்.